கல்யாணராமன் போட்ட கையெழுத்து

ஸ்யாமளா வரைந்த படத்தில் கல்யாணராமன் தன் பெயரை எழுதியிருந்தார்.

தல்லாகுளத்துக் கைத்தொழில் பள்ளிக்கூடத்தில் சுடுமெழுகுச் சித்திரம் கற்றுத்தரும் வாத்தியார் அவர். தேன்மெழுகைக் குங்கிலியத்தோடு உருக்கி, வர்ணப்பொடி குழைத்து, இறுகுவதற்குள் பலகையில் தீட்டவேண்டும். பிறகு கரியடுப்பில் காய்ந்த இரும்புச் சட்டுவத்தை மேலாகக் காட்டினால் வர்ணம் பலகையைப் பிடித்துக்கொள்ளும். சூடு கொஞ்சம் கூடினாலும் முகம் வழிந்துவிடும். அப்படி எத்தனையோ முகங்கள் வழிந்து, விரல்கள் கொப்பளித்த பிறகுதான், வைகை மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் இறைக்கும் பெண்களின் படம் அவரிடம் கற்ற ஸ்யாமளாவுக்குக் கைகூடியது.

இன்று அது பள்ளிக்கூடத்தில் நடந்த கண்காட்சியின் நடுச்சுவரில் தொங்கியது. கீழே, ஓரத்தில், கறுப்பு மெழுகில் அவர் பெயர்.

"சார், இது நான் போட்ட படம்."

"யார் இல்லேன்னா? கத்துக்கொடுத்தது நான்தானே. குடும்பப் பொண்ணு பேரை நாலு பேர் வந்துபோற இடத்துல எழுதலாமோ? உன் ஆத்துக்காரரைக் கேட்டுண்டுதான் பண்ணினேன்."

கோர்ட்டு குமாஸ்தாவான அவள் கணவன் பசுபதி வாசலில் நின்று வக்கீல்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஆமா, நான்தான் சரின்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேளா?"

"கேட்டா நீ ஒத்துக்கமாட்டே."

தெரிந்தே செய்திருக்கிறான்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாத்தியார் மேலிருந்த ஆத்திரம்கூட அதன்முன் சின்னதாகிப் போயிற்று. படத்தை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பட்டறைக்குப் போனாள். விருந்தாளிகளுக்குச் செய்து காட்டுவதற்காக அங்கே அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அதில் காய்ந்திருந்த சட்டுவத்தை எடுத்தாள்.

கல்யாணராமன் பதறி ஓடிவந்தார். "கலெக்டர் துரைசானி வர்ற நேரம்!"

"கிட்ட வராதேள். சுட்டுடும்."

கறுப்பு எழுத்துக்கள் ஒன்றோடொன்று கலந்து இளகின. அவற்றைச் சுரண்டி எறிந்தாள். மணலின் நிறத்தை அங்கே பூசி, இறுகுமுன் தூரிகைக் காம்பால் தன் பெயரைக் கீறினாள். கோபத்தில் எழுத்து பெரிதாகவே விழுந்துவிட்டது.

வெளியே மோட்டாரின் ஹாரன் கேட்டது. நடுச்சுவர் காலியாகக் கிடந்தது. கல்யாணராமன் படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடித் தாமே மாட்டினார்.

"நாளையிலேர்ந்து இங்கே வராதே" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வரலை. படத்தை வாங்கிண்டுதான் போவேன்."

சொன்னபடியே கண்காட்சி முடியும்வரை நின்று வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் ஜட்காவில் பசுபதி புலம்பிக்கொண்டே வந்தான். "என் மானத்தை வாங்கிட்டே. கோர்ட்டுல கேட்டா என்ன சொல்லுவேன்?"

"என்னைக் கேக்காம அவருக்குப் பதில் சொன்னேளே, அதேமாதிரி அவாளுக்கும் சொல்லிக்கோங்கோ."

சிம்மக்கல்லில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் படத்தோடு இறங்கினாள்.

"எங்கே போறே?"

"மெழுகு வாங்க."

அவள் கடைத்தெருவுக்குள் நடந்து மறைந்தாள். பசுபதி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"சாமி, நிக்கவா, போகவா?" என்று வண்டிக்காரன் கேட்டான். பசுபதி, அவள் மறைந்த கடைத்தெருவை எட்டிப் பார்த்தான்.