சிமென்ட் இல்லாத சுவர்

“அவங்க கிளம்பற வரைக்கும் சுவத்துக்கு அந்தப் பக்கமே இரு. இருமல் வந்தாக்கூட வாயைப் பொத்திக்க,” என்றாள் அண்ணி.

சொல்லிவிட்டுக் காதுக் கம்மலைத் திருகிக்கொண்டாள். மகளைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள். அந்த நாளில் கண்ணில் படக் கூடாத பொருள்கள் இரண்டு: கால் ஆடும் நாற்காலியும் நாத்தனாரும்.

நாத்தனார், புருஷனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டோடு வந்தவள். பிளாஸ்டிக் குப்பையை உருக்கிக் கட்டடக் கல் செய்யும் கம்பெனியில் வேலை. பால் கவர், எண்ணெய் கவர், ஷாம்பு பாக்கெட் எல்லாவற்றையும் கழுவிப் பிரிப்பாள். தெருவில் அவள் பேர் கவர்க்காரி. அவள் சம்பளத்தில் வாங்கிய அரிசியில் வீட்டில் யாருக்கும் நாற்றம் அடித்ததில்லை. அவள் தட்டுக்கு மட்டும் தனி மூலை.

ஓரம் நசுங்கிய கற்களை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். “உனக்குன்னு ஒரு ரூம் கட்டிடலாம், கொண்டாந்து போடும்மா,” என்று அண்ணன் தேன் ஒழுகச் சொன்னான். அவளும் சைக்கிள் கேரியரில் வைத்து, மூச்சு வாங்க மிதித்துக் கொண்டுவந்து சேர்த்தாள். ஒரு கல்லின் குமிழ் அடுத்த கல்லின் குழியில் உட்காரும். சிமென்ட் வேண்டாம், ரப்பர் சுத்தியலால் தட்டினால் இறுகும். மேலேயிருந்து ஆட்டித் தூக்கினால் கழன்று வரும்.

ஒரு சுவர் எழுந்தது. மற்ற மூன்றும் எழவே இல்லை. கூடத்துக்கும் அவள் படுக்கிற பின்பக்கத் தாழ்வாரத்துக்கும் நடுவே, அவள் தலையை மறைக்கும் உயரத்தில் வேலை நின்றுபோனது. தன்னை மறைக்கத் தானே கல் சுமந்த கூத்து.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மகள் தட்டில் டீ கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அப்பா சுவரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“இது அந்த பிளாஸ்டிக் கல்லுதானே? பேப்பர்ல படிச்சேன். குப்பைன்னு சொல்லவே முடியலையே.” மூக்கை வைத்து உறிஞ்சினார். “துளி வாசம் இல்லை.”

“உலகத்துக்கு ஏதோ நம்மால ஆனது,” என்றாள் அண்ணி. ஊரார் வீட்டு நெய்யை அள்ளி ஊற்றும்போது பெருமைக்கு என்ன குறைச்சல்!

“வீட்ல வேற யாரெல்லாம் இருக்கீங்க?” மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

“நாங்க மூணு பேர்தாங்க,” என்றான் அண்ணன். கூடப் பிறந்தவன், தொண்டையைக்கூடக் கனைக்காமல் சொன்னான்.

அவள் எழுந்தாள். மேல் வரிசைக் கல் ஒன்றை ஆட்டித் தூக்கிக் காலடியில் வைத்தாள். பிறகு பக்கத்துக் கல், அப்புறம் அடுத்த வரிசை. கூடத்தில் இருந்தவர்களுக்கு முதலில் வகிடு தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு கண்கள். டீ கோப்பைகள் வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றன.

“யாருங்க அது?”

“அதுங்களா? கம்பெனில கவர் கழுவுற பொம்பளை. கல்லு கொண்டாந்து கொடுக்க வந்திருக்கு,” என்றான் அண்ணன்.

மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். சற்று முன் சுவரில் ஒட்டிக் கிடந்த அதே மூக்கு.

“கொண்டாந்து கொடுத்ததெல்லாம் பழைய கதை. இப்ப எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்,” என்றாள் அவள். “நீங்க டீயைக் குடிங்க. எனக்கு முடிக்க நேரமாகும்.”

அண்ணி மகள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தாள். “நீ உள்ள போ.”

மகள் டீ தட்டை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சுவருக்கு வந்தாள்.

“அத்தை, இந்த ஓரத்துக் கல்லு இறுகிக் கிடக்கு. நீங்க ஆட்டுங்க, நான் இந்தப் பக்கமிருந்து தூக்கறேன்.”