பதுங்கு குழிக்கு ஒரு பூட்டு

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் கணவர் டாயல் சொல்வார். இருக்கட்டும். முப்பது வருடமாகத் தீவனக் கடைக் கல்லாவில் நிற்கிறேன். ஆளைப் பார்த்ததும் எடை போடுகிற பழக்கம் வந்துவிட்டது. மார்ச் மாதம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஹேஸ்கினை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஆள். ஜன்னல் திரையை விலக்கியதே இல்லை. நான் பீச் பழம் போட்டுச் செய்த கேக்கைக் கொண்டுபோனபோது, கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி மேடம்" என்று சொல்லி மூடிவிட்டார். உள்ளே வேறு யாரோ இருமியது எனக்குக் கேட்டது. தனி ஆள் என்றல்லவா ஊரில் சொன்னார்கள்?

எங்கள் சாலையில் அரை மைலுக்கு இந்த இரண்டு வீடுகள்தான். பதுங்கு குழி எங்கள் கொல்லையில் இருக்கிறது. சிமெண்டு அறை, பதினொரு படி, மேலே இரும்புக் கதவு. ஓக்லஹோமாவில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை யாரும் பதுங்கு குழியைப் பூட்டுவதில்லை. சுழல்காற்று வந்தால் யார் வேண்டுமானாலும் ஓடிவந்து இறங்கலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் முன்பு இருந்தவர்களும் எங்களோடுதான் இறங்குவார்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் கேன்களை மாற்ற உள்ளே இறங்கினேன். படியெல்லாம் சேற்றுக் கால்தடம். நடுவில் கிடந்த பெஞ்சைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். நடுவில் இழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் மறுபடி சுவரோரம்.

"எவனோ நம்ம குழிக்குள்ள வந்துட்டுப் போறான்," என்றேன் டாயலிடம்.

"எலியா இருக்கும்."

"எலி பெஞ்சைத் தள்ளிப் போடுமா?"

"நம்ம ஊர் எலி போடும்," என்று சொல்லிவிட்டு அவர் வெண்டைக்காய் வறுவலை வாயில் போட்டுக்கொண்டார். அவரிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான்.

எப்போதும் சனிக்கிழமை மதியம் கடையில் இருப்பேன். அந்த வாரம் லீவு போட்டுவிட்டு, சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். சுழல்காற்று வந்தால் எச்சரிக்கிற ஊர்ச் சங்கைச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சோதனைக்காக ஊதுவார்கள். அதற்கு எங்கள் ஊரில் நாய்கூடத் தலை தூக்காது. சங்கு ஊத ஆரம்பித்ததுமே ஹேஸ்கின் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தார். கைகளில் போர்வையில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. ஓட்டமும் நடையுமாக எங்கள் கொல்லைக்குள் நுழைந்து குழிக்குள் இறங்கினார். பத்து நிமிடம் கழித்து அதே மூட்டையோடு மேலே வந்தார், மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார், வீட்டுக்குள் போய்விட்டார். சங்குச் சத்தத்தில் வேறு எதுவும் வெளியே கேட்காது என்று நேரம் பார்த்துச் செய்கிறார்.

"பொணமா இருக்குமோ?" என்று டாயலிடம் கேட்டேன்.

"பத்து நிமிஷத்துல திரும்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற பொணமா? நேராப் போய்க் கேட்டுடேன் வெர்லா."

"கேட்டா உஷாராயிடுவான்."

திங்கட்கிழமை கடையிலேயே கனமான பூட்டு ஒன்று வாங்கிவந்து இரும்புக் கதவில் மாட்டினேன். டாயலிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஊர் வழக்கத்தைப் பேசுவார். சாவியைக் கார்ச் சாவியோடு கோத்துக்கொண்டேன். மேகம் கூடினால் திறந்துவிட்டால் போகிறது என்று எண்ணம். அந்த நேரத்தில் நான் வீட்டில்தான் இருப்பேன் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தேனோ.

மறுநாளே வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கடை டிவியில் வானிலைக்காரர் ஒவ்வொரு சாலையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்து, எங்கள் சாலையையும் சொன்னார். காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். பாதி வழியில் சங்கு ஊதத் தொடங்கியது. டாயல் போனை எடுக்கவில்லை. எடுக்கமாட்டார். எங்கள் ஆண்கள் சங்கு ஊதினால் உள்ளே ஓடமாட்டார்கள், வாசலில் இறங்கி நின்று மேற்கே வேடிக்கை பார்ப்பார்கள். ஆலங்கட்டி அடித்துக் கார்க் கண்ணாடி விரிசல் விட்டது. மேற்கே வானம் தரை வரைக்கும் கறுப்பாக இறங்கியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது டாயல் கடப்பாரையால் பூட்டை அடித்துக்கொண்டிருந்தார். ஹேஸ்கின் பக்கத்தில் புல்தரையில் மண்டியிட்டு, போர்வை மூட்டையின்மேல் கவிழ்ந்திருந்தார். ஆலங்கட்டி முழுக்க அவர் முதுகில் விழுந்தது. போர்வை விலகிய இடத்தில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

மூன்றாவது தடவைதான் சாவி பூட்டுக்குள் நுழைந்தது.

"உன்கிட்ட எப்படி சாவி?" என்றார் டாயல்.

"இறங்குங்க எல்லாரும்," என்றேன்.

கதவை இழுத்துத் தாழ் போட்டதும் மேலே சரக்கு ரயில் ஓடுகிற மாதிரி இரைச்சல். ஹேஸ்கின் பெஞ்சைச் சுவரோரம் தள்ளி, முதுகுக்குச் சுவர் முட்டுக் கொடுக்கும்படி அவளை உட்கார வைத்தார். இடுப்புக்குக் கீழே அவளுக்கு அசைவே இல்லை. பெஞ்சு ஏன் நகர்ந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அங்கேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

இரைச்சல் அடங்கத் தொடங்கியதும் அவளே பேசினாள். "நான் மாரிபெத். அவரோட சம்சாரம். சங்கு ஊதினா பத்து நிமிஷந்தான் கிடைக்கும்னு தீயணைப்பு நிலையத்துல சொன்னாங்க. உங்க குழி திறந்தே இருக்கும், கேக்கவே வேணாம்னாங்க. அதான் சனிக்கிழமை தோறும் பழகினோம். முதல் வாரம் ஒம்பது நிமிஷம் ஆச்சு. இன்னிக்கு மூணே நிமிஷத்துல வந்துட்டாரு." கணவனைப் பற்றிய பெருமை அவள் குரலில் இருந்தது.

டாயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டுனது நான்தான்," என்றேன். "நான் உங்களை வேற மாதிரி…"

காற்று கால் மைல் தள்ளிப் போயிருந்தது. எங்கள் களஞ்சியத்தின் கூரையைக் காணவில்லை, இரண்டு வீடுகளும் நின்றன. ஹேஸ்கின் மனைவியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். தொங்கிய போர்வையைத் தாங்கிப் பிடிக்க நான் கை நீட்டினேன். அவர் ஒதுங்கிக்கொண்டார். மேல்படியில் நின்று திரும்பினார். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"மேடம், அடுத்த தடவை பூட்டுறதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் இவளை வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போய்ப் பழகணும்."