கலீல் பாய் பிடித்துவைத்த இடம்

இத்தா முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கேயாவது போய்வரலாமா என்று மகள் மெஹ்னாஸ் கேட்டாள். கணவர் இறந்து நாலு மாதம் பத்து நாள் மாடம்பாக்கம் வீட்டுக்குள்ளேயே இருந்த நூர் பீவி யோசிக்கவே இல்லை.

"பீச் வரைக்கும் போலாம்."

"கடலுக்காம்மா?"

"இல்ல, ரயிலுக்கு."

மெஹ்னாஸுக்குப் புரிந்துவிட்டது. சேலையூர் கேம்ப் ரோட்டில் மின்விசிறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்தவர் அவளுடைய அத்தா கலீல். ஞாயிறு மதியமானால் குடும்பத்தோடு தாம்பரத்தில் ரயிலேறுவார். பீச் ஸ்டேஷனில் இறங்காமலே அதே வண்டியில் திரும்புவார். ஏன் என்று கேட்டால், "கடல் எங்க போயிடப் போவுது? ஜன்னல் சீட்டு போயிடும்" என்பார். டீயில் தோய்த்த பன்னும், மழையில் நனைந்த ரோட்டின் வாசனையும் போதும் அவருக்கு. போன வருஷக் கடைசியில் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், எங்கே வலிக்கிறது என்று கேட்ட டாக்டரிடம், "நீங்க ஊசி போடுற எடத்தைத் தவிர எல்லா எடமும்" என்றார். நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் போய்விட்டதாகத்தான் நூர் பீவிக்கு ஞாபகம். உண்மையில் அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் இருந்தார்.

வண்டி கிளம்பியது. கூட்டமில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் மடியில் விழுவதும் நகர்வதுமாக இருந்தது. குரோம்பேட்டை தாண்டியதும் நூர் பீவிக்குக் கண் செருகியது. தோளோடு தோள் உரசிக்கொண்டு யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரிசூலத்தில் ஒரு விமானம் மிகத் தாழ்வாக இறங்கியது. "நம்ம வீட்டுக்குத்தான் வருது. சோறு இருக்கா?" என்றது பக்கத்துக் குரல்.

"இருக்கு" என்றாள் நூர் பீவி.

"என்னம்மா?" என்று மெஹ்னாஸ் திரும்பினாள். பக்கத்தில் அவள்தான் இருந்தாள்.

பழவந்தாங்கலில் கொய்யாக் கூடையோடு செல்லம்மா ஏறினாள். ஆறேழு வருஷமாக இந்த வண்டிகளில் விற்பவள். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னா பாயம்மா, ஆளையே காணோம்? பாய் வர்ல?"

மெஹ்னாஸ் மெதுவாகச் சொன்னாள். செல்லம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"'கொய்யால புழு கீதா செல்லம்மா, அதுக்கும் டிக்கெட் எடுத்தியா?'ன்னு கேப்பாரே! தெனம் கேட்டாலும் சிரிப்பு வரும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ வராத நாள்ல கூட உனக்கு எடம் போட்டு வெப்பாரு, தெரியுமா?"

"எனக்கா?"

"ஆமா. செம்புக்கம்பி வாங்க டவுனுக்குத் தனியாப் போவாருல்ல? பக்கத்துல கைக்குட்டையப் போட்டுகினு குந்தியிருப்பாரு. யாராவது கேட்டா, 'வூட்டுக்காரம்மா அடுத்த டேசன்ல ஏறுவா'ம்பாரு. நான் ஏறினதும் கைக்குட்டைய எடுத்துடுவாரு. 'அவ வர்ற வரைக்கும் நீ உக்காரு, கால் வலிக்கும்'பாரு. மாம்பலம் வரைக்கும் குந்திகினு வருவேன்."

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவர் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. நூர் பீவி ஜன்னலோரமாக நகர்ந்து, செல்லம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கும் மகளுக்கும் நடுவில் உட்காரவைத்தாள். அப்புறம்தான் அழுகை வந்தது. நாலு மாதமாக வராத அழுகை. கிண்டிவரை யாரும் அதைத் தடுக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

"கல்யாணத்தன்னிக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? மொகத்தை ரொம்பக் கஷ்டமா வச்சுக்கிட்டு, 'எனக்கு ஒரு வியாதி இருக்கு, உன்கிட்ட மறைக்கக் கூடாது'ன்னாங்க. நான் அழவே ஆரம்பிச்சுட்டேன்."

"ஐயோ, இன்னா வியாதி?"

"மத்தியானம் சாப்பிட்டா தூக்கம் வந்துடுமாம்!"

செல்லம்மா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எதிர் சீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். மெஹ்னாஸ் இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசியும் கேட்டதில்லை. சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டி தடதடக்க, கீழே ஆற்றுத் தண்ணீரில் வெயில் உடைந்து உடைந்து ஓடியது.

மாம்பலம் வந்தது. கூட்டம் இறங்கியது, ஏறியது. செல்லம்மா எழுந்திருக்கவில்லை.

"நீ எறங்கலயா?" என்றாள் நூர் பீவி.

"போனாப் போவுது. அப்பால இன்னா பண்ணாரு, சொல்லு."