மகள் எழுதிய எதிர்ப்புரை

பதினொரு மணிக்குச் சபையில் பேச வேண்டும். பத்து நாற்பதுக்கு நம் உறுப்பினர் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் உரையை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக எந்த உரையையும் அவர் முன்கூட்டிப் படித்ததில்லை. எழுந்து வாசிக்கும்போதுதான் தன் கருத்து என்னவென்று அவருக்கே தெரியவரும். "இங்கே தண்ணீர் குடிக்கவும்" என்றிருந்தால் அதையும் முழங்கிவிட்டுத்தான் குடிப்பார்.

வாக்களிக்கும் வயதைப் பதினாறாகக் குறைக்கும் மசோதாவுக்கு எதிரான உரை அது. "கிழிச்சுத் தொங்கவிடுங்க, அமைச்சர் நாற்காலி உங்களுக்குத்தான்" என்று கட்சித் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். உரையை எழுதியவள், எப்போதும்போல, அவருடைய மகள். வயது பதினாறு.

"இத எதிர்த்து எழுதணும்மா" என்று நேற்று அவர் மென்று விழுங்கியபோது அவள் சண்டை போடவில்லை. "எத்தன நிமிஷம்ப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் உதைத்தது. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். குரைக்காததைப் பற்றி யாரும் உத்தரவாதம் தரவில்லை.

எங்கேயோ கண்ணி வைத்திருக்கிறாள். வரிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகக்கூடக் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. போன் செய்தார்.

"உள்ள ஏதாவது வெச்சிருக்கியாம்மா?"

"என்ன வெப்பாங்க?"

"எனக்கு எதிரா..."

"மொத்தமும் எனக்கு எதிராத்தான்ப்பா இருக்கு. கேட்டீங்க, எழுதினேன். கிளாசுக்கு மணியடிச்சாச்சு."

வைத்துவிட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சபையில் பெயரைச் சொல்லி அழைத்ததும் நம்மவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, வெறுங்கையோடு எழுந்தார்.

"மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே..." அதுவரை மனப்பாடம். அப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

"பதினாறு வயசுப் பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்? நாம சொல்றத எழுதத் தெரியும். நமக்குத் தெரியாததையும் தேடி எழுதத் தெரியும். நாம எங்க உளறுவோம்னு தெரிஞ்சு, அங்க வாக்கியத்தச் சின்னதா முடிக்கத் தெரியும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல் கனிவாகக் கேட்டது: "அண்ணன் வீட்டுப் பிள்ளையா?"

"ஆமா" என்று வாய் சொல்லிவிட்டது.

சிரிப்பு அடங்குவதற்குள் உட்கார்ந்தார். முன்வரிசையிலிருந்து கட்சித் தலைவர் பாதி திரும்பினார். "பிரமாதம். பொண்ணுக்கு வயசு வரட்டும், நாற்காலிய அவங்களுக்கே குடுத்துடலாம்."

வாக்கெடுப்பு மணி அடித்தது. மேசையில் இரண்டு பொத்தான்கள்: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு. தலைவர் பார்வையை அவருடைய விரலைவிட்டு எடுக்கவில்லை. சிவப்பை அழுத்தினாலும் நாற்காலி இனி வராது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்கார வேண்டும். "இன்னிக்கு எப்படிப் போச்சுப்பா?" என்பாள்.

தலைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையை அழுத்தினார்.