தெரியாமல் எடுத்த செருப்பு

கோயம்புத்தூரில் விருந்துக்குச் சென்ற இடத்தில் செருப்பு மாறிவிட்டால், எவருடைய செருப்பை அணிந்து வெளியேறுகிறோமோ அவருடைய சனியையும் ஞாயிற்றையும் நாம் கழித்தாக வேண்டும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவரவர் அவரவராகி வேலைக்குச் செல்லலாம். அடுத்த சனி வந்ததும் மறுபடியும் செருப்புக்குரியவரின் பொழுதுதான். இன்னொரு விருந்தில் இன்னொரு முறை மாறும்வரை இது நீடிக்கும். நிபந்தனை ஒன்றே ஒன்று: மாற்றம் தெரியாமல் நிகழ வேண்டும். தெரிந்தே பிறர் செருப்பை எடுத்தாலும், மாறிப்போன தன் செருப்பைத் தெரிந்தே மீட்டாலும், கால் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. வெறுங்காலுடன் போகலாமே என்று எண்ணுபவர்களும் உண்டு. அவர்களுக்கு வெள்ளிக்குப் பிறகு நேரே திங்கள்தான் வருகிறது.

மௌலீசுவரனுக்கு இருபத்தாறு வயது. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நண்பர்களுக்கு அவன் மௌலி. அன்று வெள்ளிக்கிழமை; வடவள்ளியில் தோழி மிருதுளாவின் பிறந்தநாள். மாடிப்படியில் முப்பத்தொரு இணைச் செருப்புகள் கிடந்தன. மொட்டைமாடியில் பியரும் வறுத்த முந்திரியும் இருந்தன. அங்கேதான் நெல்சன், தனக்கு ஜெர்மனியில் வால்வு செய்யும் ஆலை ஒன்றில் வேலை கிடைத்துவிட்டதைச் சொன்னான். ஆறாம் வகுப்பிலிருந்து மௌலிக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவன் அவன்.

"பதினாறாவது நாள் ஃபிளைட்டு. ஞாயித்துக்கிழமை மத்தியானம்" என்றான் நெல்சன்.

"அதுக்கு ஏண்டா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"கையாட்ட நீ வந்துரு. அம்மா அழுதுட்டு இருக்கும். அப்பா பார்க்கிங்ல காரைத் தேடிட்டு இருக்கும். ஒருத்தனாவது நேராப் பாத்துக் கையாட்டணும்."

"நான் வராம வேற எவன்டா வருவான்" என்றான் மௌலி.

சொல்லி அரைமணி நேரம் கழித்து, இறங்குகிற அவசரத்தில், பழுப்பு நிறச் செருப்பு ஒன்றைத் தன்னுடையது என்று எண்ணி மாட்டிக்கொண்டு போனான். அவனுடையதும் பழுப்புதான். இடக்கால் வார் அறுந்து, காந்திபுரத்தில் செருப்புத் தைப்பவர் கறுப்பு நூல் தீர்ந்துவிட்டதென்று நீல நூலால் தைத்துக் கொடுத்திருந்தார். வீட்டு வாசலில் குனிந்து பார்த்தபோது நீல நூல் இல்லை.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. வெளியே முன்பின் அறியாத மூவர் பேட்மிண்டன் மட்டைகளுடன் நின்றார்கள். அவனுடைய காலைப் பார்த்தார்கள்.

"தினகரு, இன்னும் பல்லே வெளக்கலையா நீ? வண்டில ஏறு" என்றார் ஒருவர்.

மௌலி ஏறிக்கொண்டான். தினகரின் சனிக்கிழமை நீளமானது. இரண்டு மணி நேரம் பேட்மிண்டன், பிறகு மாமா வீட்டில் கறி விருந்து, பிறகு ஆனைகட்டியில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தோரம் பியர். தினகரின் நண்பர்கள் எதற்கெடுத்தாலும் கைதட்டினார்கள், அவனும் தட்டினான். கைதட்டும்போதெல்லாம் பதினாறில் ஒரு நாள் கழிந்துவிட்டது என்பதே அவன் மனத்தில் ஓடிற்று. விடுதி வாசலில், தன் செருப்பைப் போன்றதொன்று கிடக்கக் கண்டு, தெரிந்தே அதில் காலை நுழைத்தான். வாசற்படியில் கால் நின்றுவிட்டது. வண்டியிலிருந்தவர்கள் பொறுமையாக ஒலிப்பான் அடித்தார்கள். அவன் திரும்பிச் சென்று தினகரின் செருப்பையே மாட்டிக்கொண்டு வந்தான்.

ஞாயிறு நண்பகலில் சாயிபாபா காலனியில் ஓர் அடுக்ககத்தின் நான்காம் மாடியில் கிரிக்கெட் பார்த்தார்கள். ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போயிற்று. பனிக்கட்டி வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய மௌலி, சன்னல் இல்லாத படிக்கட்டு முகப்பில் காலால் துழாவி அகப்பட்டதை மாட்டிக்கொண்டு இறங்கினான். தெருவுக்கு வந்தபின் பார்த்தால், வெள்ளிக் கற்கள் பதித்த பெண்கள் செருப்பு. குதிகால் பாதி வெளியே இருந்தது. அது எதிர் வீட்டுக்கு வந்திருந்த ஷெரினுடையது. ஷெரின் நெல்சனின் அத்தை மகள். அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். ஆகவே மௌலி பனிக்கட்டி வாங்கவில்லை. ஷெரினின் ஞாயிறு மாலை என்பது திருப்பலி; நேரே சௌரிபாளையத்துத் தேவாலயத்திற்குப் போய்ப் பெண்கள் பக்கம் அமர்ந்தான்.

நெல்சனின் தாய் பிலோமினா தள்ளி அமர்ந்து இடம் கொடுத்தார். "ஏண்டி ஷெரினு, முக்காடு எங்க?" என்று கேட்டுத் தம் கைக்குட்டையை எடுத்து அவன் தலையில் போட்டார்.

இரண்டு வரிசை முன்னால் நெல்சன் அமர்ந்திருந்தான். அவனருகில், நரைத்த மீசையுடன் ஐம்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் தோளோடு தோள் இடித்து ஏதோ சொல்ல, நெல்சன் சிரிப்பை அடக்கக் குனிந்தான். வெளியே ஓரமாகக் கழற்றி விடப்பட்டிருந்த செருப்புகளில் நீல நூலை மௌலி கண்டான். கண்டுவிட்டதனால் எடுக்க முடியவில்லை.

அவர் பல் மருத்துவர் வேதநாயகம். மிருதுளாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். பிறந்தநாளன்று சத்தம் தாங்க முடியவில்லை என்று முறையிட மாடிக்கு ஏறி வந்தவர், இரண்டு குவளை அருந்திவிட்டுச் செருப்பு மாற்றி இறங்கியிருந்தார். அவருடைய செருப்பு தினகரிடம் போயிருந்தது. தினகர் சனிக்கிழமைகளில் வடவள்ளியில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

செவ்வாயன்று நெல்சன் தொலைபேசியில் அழைத்தான்.

"மச்சி, ஞாயித்துக்கிழமை நீ சொன்ன ஜோக்கு, இன்னும் நெனச்சு நெனச்சு சிரிச்சிட்டிருக்கேன்."

"என்ன ஜோக்கு?"

"கடைவாய்ப் பல்லு ஜோக்குடா. இத்தனை வருசத்துல நீ இவ்வளவு நல்லாச் சொன்னதே இல்ல."

மௌலி அன்று பிற்பகல் முழுவதும் அலுவலகத்தின் மூன்று மாடிகளையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வேதநாயகத்தின் மருத்துவமனைக்குப் போனான். அவர் அவனைச் சாய்விருக்கையில் படுக்கவைத்து விளக்கை ஏற்றினார்.

"அது என் செருப்புங்க, டாக்டர்."

"தெரியுமே தம்பி. ரொம்ப சௌகரியமா இருக்குது. வாயத் தொறங்க."

திறந்தான்.

"தெரிஞ்சு குடுத்தாச் செல்லாதுங்களே. இல்லாட்டி குடுத்துருவேன்" என்றார் அவர், சிறு கண்ணாடியால் அவன் பற்களைத் தட்டிக்கொண்டே. "இருபத்தஞ்சு வருசமா எனக்குச் சனிக்கிழமைன்னா இந்த நாற்காலிதான். பைக்ல பின்னால உக்காந்து போனதே கெடையாது. நெல்சன் தம்பி மருதமலை வளைவுல வண்டியைச் சாய்ப்பாரு பாருங்க, அடடா. கடைவாய்ல ஒண்ணு ஆடுது. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா?"

"அஞ்சு நாளா."

"கடிக்காதீங்க."

"ஏர்போர்ட்டுக்கு நீங்கதான் போவீங்களா?"

"செருப்பு போறப்ப போய்த்தானே ஆகணும்." வேதநாயகம் விளக்கை அணைத்தார். "கண்ணாடி முன்னால நின்னு கையாட்டிப் பாத்துட்டிருக்கேன். ஒரு குறையும் வராது தம்பி, கவலைப்படாதீங்க."

அந்த இரவிலிருந்து மௌலிக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: தன் செருப்பு எப்படியிருக்கும் என்பதை மறப்பது. மறந்துவிட்டால், வழியனுப்பு விருந்தில் அதைத் தெரியாமல் எடுத்துவிடலாம். குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதையாக, மறக்க முயன்ற ஒவ்வொரு முறையும் நீல நூல் ஒரு தையல் கூடுதலாகத் தெரிந்தது. முதலில் நான்கு தையல் என்று நினைவிருந்தது, பிறகு ஏழு என்று நினைவு வந்தது, ஏழுதான் சரி. உண்ணும்போது எழுந்து நடந்தான். நடக்கும்போது உட்கார இடம் தேடினான்.

இரண்டாம் சனிக்கிழமை ஷெரினின் தோழியர் ஐவர் அவனை உதகைக்கு அழைத்துப் போனார்கள். மாப்பிள்ளையின் வழுக்கையைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். ஏரிக்கரை விடுதியில் இனிப்பு மது அருந்தும்போது, அவர்களுள் ஒருத்தி அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லுடி. உனக்கு அவரைப் புடிச்சிருக்கா?"

மௌலி சிந்தித்தான். மாப்பிள்ளையை அவன் கண்டதில்லை. "தெரியலையே" என்றான் நேர்மையாக.

ஐவரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். திங்களன்று ஷெரினிடமிருந்து செய்தி வந்தது. நிச்சயதார்த்தம் தள்ளிப் போடப்பட்டதாகவும், தானே கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு விடை சொன்னதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தாள். அவள் தினகரின் செருப்பில் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தாள். நன்றாக ஆடுகிறாள் என்று கேள்வி.

மூன்றாம் சனிக்கிழமை நெல்சனின் வீட்டில் வழியனுப்பு விருந்து. அத்தை மகள் என்கிற முறையில் மௌலி காலை ஒன்பது மணிக்கே போய் வெங்காயம் உரித்தான். கூடத்தில், உற்ற நண்பன் என்கிற முறையில் வேதநாயகம் நெல்சனின் பெட்டியை எடைபார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கிலோ அதிகம் என்று சொல்லி, ஊறுகாய்ப் புட்டி ஒன்றை வெளியே எடுத்தார்; பிலோமினா அதை மீண்டும் உள்ளே வைத்தார். வாசலில் செருப்புகள் சேரச் சேர, மௌலி அடுப்படிக்கும் முன்றிலுக்குமாக நடந்தான்.

"என்னடி, குட்டி போட்ட பூனையாட்டம் நடந்துட்டே இருக்க? ஒரு பக்கமா உக்காரு" என்றார் பிலோமினா.

வீட்டில் செய்த திராட்சை மதுவை நான்கு குவளை அருந்தினான். தெளிவு குறைந்தால் தவறு எளிதாகும் என்பது அவன் கணிப்பு. உணவுக்குப் பின், எல்லாரும் செபத்திற்குக் கூடியபோது, அவன் மட்டும் நழுவி வாசலுக்கு வந்தான். கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை சுற்றினான், திறந்தான். முதலில் தெரிந்தது நீல நூல். மறுபடியும் சுற்றினான். மறுபடியும் நீல நூல். உள்ளே, மறுநாள் பயணத்துக்காக நெல்சனின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார்கள். மௌலி இனியும் தன்னை ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை. தன் செருப்பு இது என்று நன்றாகத் தெரிந்தே, வாய்விட்டுச் சொல்லியே, அதில் இரு கால்களையும் நுழைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். கால் நிற்கும் என்று எதிர்பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

கால் நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, மூலைக் கடைவரை போயிற்று.

கடைப் பலகையில் அமர்ந்து அவன் செருப்பைக் கழற்றிப் பார்த்தான். நீல நூல் வலக்கால் வாரில் இருந்தது. தையல் ஐந்துதான். உள்ளங்காலில் எட்டு என்று அளவு பொறித்திருந்தது, அவனுடையது ஏழு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒப்பணக்காரர் வீதியில் ஒரே நாளில் ஒரே வகையில் அவனும் நெல்சனும் வாங்கிய செருப்புகள். நெல்சனுக்கும் வார் அறுந்து, அதே காந்திபுரத்துக்காரரிடம் தைத்திருக்கிறான். கறுப்பு நூல் அன்றைக்கும் தீர்ந்திருக்கிறது. தன்னுடையது என்று எண்ணி மௌலி பிறருடையதை எடுத்துவிட்டான். முறையான தவறுதான். அதில் குற்றம் காண எவராலும் முடியாது.

அவன் திரும்பி வந்தபோது செபம் முடிந்திருந்தது. பிலோமினா அவன் காலைப் பார்த்தார். பின்பு ஓடிவந்து அவன் கன்னங்களைப் பற்றிக்கொண்டார்.

"எங்கடா போன? நாளைக்கு ஊருக்குப் போறவன் இப்படிச் சொல்லாம கொள்ளாம போலாமா?"

வாசலில் எஞ்சிய நீல நூல் செருப்பை மாட்டிக்கொண்டு நெல்சன் படியிறங்கித் தெருவரை நடந்து பார்த்துவிட்டு வந்தான். "தெரியாமத்தான் போட்டேன்" என்றான், மௌலியின் முகத்தைப் பாராமல். அவன் கால் வாசலைத் தாண்டியிருந்ததால் எவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வேதநாயகம் மூக்குக்கண்ணாடியைச் சாப்பாட்டு மேசையில் மறந்துவிட்டு வந்து, வெள்ளிக் கற்கள் பதித்ததை அணிந்துகொண்டு, வரும் சனியன்று சேலைக் கடைக்குப் போக வேண்டும் என்று முணுமுணுத்தபடியே போனார்.

ஞாயிறு நண்பகல் விமான நிலையத்தில் பிலோமினா அழுதுகொண்டிருந்தார். "அங்க குளிரு அதிகம் கண்ணு. சாக்ஸ் போடாம படுத்துக்காத" என்று மௌலியிடம் மூன்று முறை சொன்னார். நெல்சனின் தந்தை காரைத் தேடிக்கொண்டிருந்தார். வாயிலில் நின்ற காவலர் பயணச்சீட்டிலிருந்த பெயரைப் படித்தார். மௌலியின் காலைப் பார்த்தார். உள்ளே போகச் சொன்னார்.

கண்ணாடிக் கதவைக் கடந்தபின் மௌலி திரும்பினான். கம்பித் தடுப்பின் மீது ஏறி நின்று, நெல்சன் நேராக அவனைப் பார்த்தான். பிறகு கையை உயர்த்தி ஆட்டினான். இரண்டு வாரமாக மௌலி மனத்துக்குள் ஆட்டிப் பார்த்த அதே ஆட்டம்: முழங்கை மடங்காமல், நிதானமாக, உள்ளே போனவன் மறையும்வரை நிறுத்தாமல். வேறு எவராலும் இவ்வளவு நன்றாகச் செய்திருக்க முடியாது என்று மௌலிக்குத் தோன்றிற்று. திங்கள் காலை ஆறு மணிக்கு அவன் மறுபடியும் மௌலியாகிவிடுவான். அப்போது விமானம் எந்தக் கடலின் மேல் இருக்கும் என்று கணக்கிட முயன்று, பாதியில் விட்டுவிட்டான்.

விமானத்தின் படிக்கட்டில் பயணிகள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மேற்படியில் பணிப்பெண் கைகூப்பி நின்றாள். கதவுக்கு வெளியே, இரு பக்கமும், நூற்றுக்கும் மேற்பட்ட செருப்புகள் கழற்றி விடப்பட்டிருந்தன, பெரும்பாலும் பழுப்பு. மௌலி தன்னுடையதை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, வலக்காலை முன்வைத்து உள்ளே போனான்.