சூடேறிய மேளம்

கூரையில் தீ அலாரம் அலறியபோது இடியக்காவின் வாயில் மூன்று கொண்டை ஊசிகள் இருந்தன. பாதிக் கொண்டையோடு அவளும், பக்கத்து அறையிலிருந்து ஒற்றைச் செருப்போடு பாடகியும் படியிறங்கி ஓடினார்கள். அரங்கத்தில் அப்போதுதான் உட்கார்ந்த ஜனமெல்லாம் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது.

பறை மேளத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால்தான் குழுவில் அவளுக்கு அந்தப் பெயர். ஊர்ப் பாட்டுகளோடு கிடாரையும் கீபோர்டையும் சேர்த்துப் புதுசாக்கி, கடல் தாண்டிக் கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி. மேடையில் கிடார் வாசிப்பான். மேடைக்கு வெளியே வாய் வாசிக்கும்.

காலை ஒத்திகையில்தான் வினை ஆரம்பித்தது. இந்த ஊர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் மேளத்தின் தோல் தொய்ந்து, ‘டங்’ என்று கேட்க வேண்டியது ‘தொப்’ என்றது. ஊரில் என்றால் நாலு காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காட்டினால் போதும், முறுக்கேறிவிடும். இங்கே தீக்குச்சியே உரசக்கூடாது என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

“பழைய மெத்தையை அடிக்கிற மாதிரி இருக்குக்கா,” என்றான் தம்பி. “இன்னிக்கு பெட்டியிலயே தாளம் போட்டுடறேன். நல்லா வந்துச்சுன்னா பயணம் முழுக்க அப்படியே போயிடலாம்.”

பெட்டி என்றால் தாளம் போடும் மெஷின். பட்டனை அமுக்கினால் அடிக்கும். வியர்க்காது, கோபிக்காது.

“அப்ப நான் என்ன பண்ணட்டும்? கை தட்டட்டுமா?”

“சும்மா பக்கத்துல நில்லுக்கா.”

சும்மா நிற்பதற்கு ஒரு கோட் ஸ்டாண்டைக் கொண்டுவந்து வைக்கலாமே. அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

இப்போது தெருவில் அரங்கத்து மேலாளர் அம்மாள் விறுவிறுவென்று வந்தாள். கையில் கரிபிடித்த குப்பைத் தொட்டி. அடியில் காகிதச் சாம்பல். அவள் கேட்டதை யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கண்ணும் இடியக்கா பக்கம் திரும்பியது. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பாடகி முந்திக்கொண்டாள்.

“உன்னை விட்டா யாருக்கு இந்தப் புத்தி வரும்? கோவத்துல பண்ணிட்டே, ஒத்துக்கோ.”

“வாயில ஊசியை வச்சுக்கிட்டு எவளாவது தீ மூட்டுவாளாடி?”

தீயணைப்புக்காரர்கள் சோதித்து முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. பெட்டி உள்ளே. கிடாரும் உள்ளே. ஜனம் குளிரில் கையைத் தேய்த்தபடி நின்றது. சிலர் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டினார்கள்.

தம்பி கோட்டுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் திணித்தான். அவளுடைய மேளம்.

“ஓடி வர்றப்ப இதுதான் கைக்குக் கிடைச்சுது.”

கிடாரை விட்டுவிட்டு இதையா? கேட்க நினைத்தவளின் உள்ளங்கை தோலில் பட்டது. கதகதவென்றிருந்தது. சுண்டினாள்.

டங்.

நடையைக் கட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடிக்க வேண்டாம் என்று சொன்ன பிறகும் குச்சிகளை இடுப்பில்தான் செருகி வைத்திருந்தாள். உருவினாள். முதல் அடியிலேயே எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அடுத்தடுத்துத் தெருவே திறந்துகொண்டது. பாடகி அந்த ஒற்றைச் செருப்பையும் உதறிவிட்டு, மைக் இல்லாமல் தொண்டையைத் திறந்தாள். கிடார் இல்லாத தம்பி கை தட்டினான். தீயணைப்புக்காரர் ஒருவரின் ஹெல்மெட் தாளத்துக்கு ஆடியது. மேலாளர் அம்மாளின் விரல்கள் அவளையறியாமல் குப்பைத் தொட்டியின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தன. இடியக்காவுக்குக் குளிரே தெரியவில்லை. இந்த மேளம் தெருவுக்கென்றே பிறந்தது. எந்தத் தெருவாக இருந்தால் என்ன?

கதவுகள் திறந்த பிறகும் ஜனம் நகரவில்லை. மேலாளர் அம்மாள் தம்பியிடம் ஏதோ சொன்னாள்.

“என்னடா சொல்றா?”

“உள்ள வந்தும் இதையே அடிக்கணுமாம். பெட்டி வேண்டாமாம். ஆனா சூடு காட்டறது மட்டும் வெளியிலயாம்.”

இடியக்கா கொண்டையை முழுசாக முடிந்துகொண்டாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நுனியெல்லாம் கரி.

“பெட்டிதான் வேணும்னு குதிச்சவன் நீ. அப்புறம் இது எதுக்குடா?”

“குளிர்ல தொய்ஞ்சு கிடக்கற மேளத்தைப் பெட்டி ஜெயிச்சா, அது ஜெயிச்ச மாதிரியாக்கா?”