ஓடைப் பரண்

தாரிங்காவின் புதுத் துப்பாக்கியைப் பார்த்ததும் எங்கள் கோச்செவ்யே ஊர் வேட்டைச் சங்கத் தலைவர் லுட்விக் வாய்விட்டுச் சிரித்தார். வழவழப்பான மரக்கட்டை இல்லை, அதில் செதுக்கிய மான் தலையும் இல்லை. கறுப்பு அலுமினியச் சட்டம், நாலைந்து திருகுகள், கன்னம் பதிக்க ஏற்றி இறக்கும் ஒரு மெத்தை.

"ஏம்மா, இது துப்பாக்கியா, தண்ணிக்குழாய் ரிப்பேர் பண்ற சாமானா?"

"ரெண்டும்தான். உங்க வீட்டுக் குழாய் ஒழுகினா சொல்லுங்க, வர்றேன்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிப்பு நின்றது.

போன வருடம் ஆப்பிள் பறிக்கும்போது ஏணி சரிந்து தாரிங்காவின் வலது தோள் நொறுங்கிவிட்டது. கை நன்றாக வேலை செய்யும். ஆனால் துப்பாக்கி உதைப்பதை அந்தத் தோள் தாங்காது. இனி இடது தோளில் வைத்துத்தான் சுட வேண்டும். வலது தோளுக்கென்று கடைந்த பழைய கட்டையில் அவள் கன்னம் சரியாகப் பதியவில்லை. அதனால்தான் இந்தத் திருகுச் சட்டம். நீளத்தைக் குறைத்தாள், மெத்தையை உயர்த்தினாள், கோடை முழுக்கச் சுட்டுப் பழகினாள்.

லுட்விக்கின் எண்ணம் வேறு. எங்கள் மலையில் பன்றிக்குக் காத்திருந்து சுட ஓடைப் பரணைப் போல ஒரு பரண் கிடையாது. காலங்காலமாக அது தாரிங்காவின் இடம். அதைத் தன் மருமகன் கோராஸ்டுக்குக் கொடுக்க அவர் துடித்துக்கொண்டிருந்தார். கோராஸ்டோ, பரணில் ஏறினால் முதலில் சாப்பாட்டுப் பையைத்தான் திறப்பான்.

"இன்னிக்கு ஒரு பன்னியாவது விழுந்தா பரண் உனக்கு. இல்லேன்னா மருமகனுக்கு. சுடுறது இடப்பக்கம், அடுத்த தோட்டாவை ஏத்துற போல்ட் இருக்குறது வலப்பக்கம். எப்படிம்மா இழுப்பே?"

"பாத்துக்கறேன்," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தலைவரே, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

என் பரண் அவளுடையதற்கு அடுத்தது. கீழே நாய்கள் குரைத்தன; காட்டைக் கலைப்பவர்களின் கூச்சல் நெருங்கியது. புதரைப் பிளந்துகொண்டு இரண்டு பன்றிகள் ஓடையைத் தாண்டி, எதிர் மேட்டில் ஏறின. தாரிங்கா சட்டத்தைப் பரணின் விளிம்புக் கம்பில் ஊன்றியிருந்தாள்.

முதல் வெடியில் முன்னால் போனது உருண்டது. வலது தோளில் வைத்துச் சுடும் நாங்களென்றால் பிடியை விட்டுவிட்டு, சுட்ட கையாலேயே போல்ட்டை இழுத்து, திரும்பப் பிடித்துக் குறி தேட வேண்டும். அவளுக்கு அந்தப் பாடே இல்லை. கன்னம் மெத்தையில், இடது கை பிடியில். சும்மா கிடந்த வலது கை போல்ட்டை இழுத்துத் தள்ளிவிட்டது. இரண்டாவது பன்றி எந்தப் பக்கம் ஓடலாம் என்று யோசிப்பதற்குள் அதுவும் விழுந்தது. நான் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. சந்தோஷத்தில் பரணில் நின்று கத்தினேன்.

வேட்டை முடிந்து, பன்றிகளைப் பச்சைக் கிளைகள்மேல் கிடத்தினோம். லுட்விக் இரண்டின் வாயிலும் ஒவ்வொரு கொப்பு வைத்தார், கடைசிக் கவளமாக. அடுத்து முறைப்படி தலைவர் தன் தொப்பியைக் கழற்றி, அதன்மேல் ஒரு கொப்பை வைத்து, சுட்டவருக்கு நீட்ட வேண்டும். வெறுந்தலையோடு நீட்டினார். தாரிங்கா எடுத்துக்கொண்டாள். அவர் அவசரமாகத் தொப்பியைத் தலைக்குக் கொண்டுபோனார்.

"இன்னொரு பன்னி இருக்கே, லுட்விக்," என்றாள் தாரிங்கா.

மறுபடி கொப்பை வைத்து நீட்டினார். "பரண் உனக்குத்தான்," என்று முணுமுணுத்தார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல," என்றேன்.

முதலில் கைதட்டியது கோராஸ்ட். "சத்தமா சொல்லுங்க மாமா! இந்தக் குளிர்ல நான் அங்க ஏற மாட்டேன்!"

லுட்விக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓடைப் பரண் தாரிங்காவுக்குத்தான்!" என்றார், மலைக்கே கேட்கும்படி.